அடிபட்டது வெள்ளிக்கோல் வரையன்: பாம்புகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலம் தொடங்கியதும் பாம்புகளைப் பற்றிய கடிதங்கள் வந்து குவிகின்றன. அவற்றில் பல, அடித்துக் கொன்ற பிறகு "இது என்ன பாம்பு?" என்று கேட்டு படத்தோடு வந்தவை. பாம்புகளைப் பல காலமாகக் கவனித்து வருபவர்கள் இந்த இதழில் அவற்றுக்குப் பதில் தருகிறார்கள்.

எங்கள் வீட்டுக் குளியலறையில் இரவு பத்து மணிக்கு ஒரு பாம்பு. கறுத்த உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை. கட்டுவிரியன் என்று என் வீட்டுக்காரர் அடித்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தம்பி, "இது கட்டுவிரியன் இல்லை அக்கா" என்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன். எது உண்மை?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னதுதான் சரி. படத்தில் இருப்பது வெள்ளிக்கோல் வரையன். இதற்கு விஷம் கிடையாது. தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கட்டுவிரியன் என்று நினைத்து அடிக்கப்படும் பாம்புகளில் முதலிடம் இதற்குத்தான்.

உங்கள் படத்தில் தலையை ஒட்டிய பகுதியைப் பாருங்கள். கழுத்தில் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது. அதற்கு அடுத்த பட்டைகள் தெளிவாக இருக்கின்றன, வாலை நோக்கிப் போகப் போக மங்கி மறைந்துவிடுகின்றன. வெள்ளிக்கோல் வரையனில் பட்டைகள் தலைப்பக்கம் தெளிவாகவும் வால்பக்கம் மங்கலாகவும் இருக்கும். கட்டுவிரியனில் இது அப்படியே தலைகீழ். வளர்ந்த கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பகுதியில் பட்டையே இருக்காது, இருந்தாலும் விட்டுவிட்டுப் புள்ளிகளாகத் தெரியும். நடு உடம்பில் தொடங்கி வால் வரைக்கும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாகப் போகும்.

அடுத்தது பட்டையின் வடிவம். வெள்ளிக்கோல் வரையனின் பட்டை முதுகில் குறுகலாக இருந்து, விலாப்பக்கம் இறங்கும்போது முக்கோணமாக விரியும். ஓரம் பிசிறடித்தாற்போல இருக்கும். கட்டுவிரியனின் கோடு ஒரே சீராக இருக்கும். நிறத்திலும் வேறுபாடு உண்டு. கட்டுவிரியன் நீலம் கலந்த பளபளப்பான கறுப்பு. வெள்ளிக்கோல் வரையன் உண்மையில் பழுப்பு நிறம்தான். குளியலறையில் எரிகிற மங்கலான விளக்கில் அது கறுப்பாகத் தெரிந்திருக்கும்.

சந்தேகமே இல்லாமல் பிரித்துக் காட்டுவது முதுகின் நடுக்கோட்டில் ஓடும் செதில் வரிசை. கட்டுவிரியனுக்கு அந்த ஒரு வரிசை மட்டும் மற்ற செதில்களைவிடப் பெரியதாக, அறுகோணமாக இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு எல்லாச் செதிலும் ஒரே அளவு. வாலின் அடிப்பக்கமும் வேறு வேறு. கட்டுவிரியனுக்கு அங்கே ஒற்றைச் செதில்கள், வரையனுக்கு இரட்டைச் செதில்கள். இவையெல்லாம் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கான அடையாளங்கள். உயிரோடு இருக்கும் பாம்பின் அருகில் குனிந்து செதில் பார்க்க யாரும் முயல வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கட்டுவிரியன் குட்டிகளுக்குத் தலைப்பக்கமும் வெள்ளைக் குறிகள் இருக்கும். வெள்ளிக்கோல் வரையனில் பட்டையே இல்லாதவையும் உண்டு. ஆகவே, "பட்டையைப் பார்த்தேன், வரையன்தான், கையால் எடுத்து வெளியே போட்டேன்" என்று யாரும் எழுதும்படி ஆகிவிடக் கூடாது. அடையாளம் தெரிந்துகொள்வது பயத்தைக் குறைப்பதற்குத்தான், பாம்பைத் தொடுவதற்கு அல்ல. அந்தப் பாம்பு கட்டுவிரியனாகவே இருந்திருந்தால், விளக்குமாற்றோடு அவ்வளவு கிட்டே போனதில் ஆபத்து உங்கள் வீட்டுக்காரருக்குத்தான்.

சரி, அது ஏன் குளியலறைக்கு வருகிறது? மறுபடி வந்தால் அடிக்காமல் என்னதான் செய்வது?
— அதே வாசகி

பல்லி இருக்கிற இடத்துக்கு அது வரும். வெள்ளிக்கோல் வரையனின் முக்கிய இரை வீட்டுப் பல்லிகள்தான். சொரசொரப்பான சுவரில் நன்றாக ஏறும். ஓட்டு வீட்டின் கைமரம், ஜன்னல் சட்டம், குழாய் போகும் துளை என்று இடுக்கு கண்ட இடமெல்லாம் பகலில் சுருண்டு கிடக்கும். இரவில் விளக்கைச் சுற்றிப் பூச்சி, பூச்சியைத் தேடிப் பல்லி, பல்லியைத் தேடி இது. ஒன்றரை அடி நீளப் பாம்பு சுவரிலோ ஜன்னலிலோ ஏறிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் வரையனாகத்தான் இருக்கும். கட்டுவிரியன் தரையோடு திரியும் பாம்பு, சுவரேறுவது அதன் வழக்கம் இல்லை.

மறுபடி வந்தால் முதலில் குழந்தைகளையும் நாய் பூனையையும் அப்புறப்படுத்துங்கள். வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்தி, கதவின் அடியில் ஈரத் துணியை உருட்டி அடைத்துவிடுங்கள். வெளிப்பக்கக் கதவு இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். உள்ளே விளக்கு எரியட்டும். ஒருவர் மட்டும் ஆறேழு அடி தள்ளி நின்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் மிக முக்கியம். பாம்பு பிடிப்பவர் வருவதற்குள் அது எங்கே போனது என்று தெரியாமல் போனால் அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொன்னால் ஆள் வருவார்கள். வனத்துறை அலுவலக எண்ணையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊற்றுவது, கம்பால் தட்டுவது, ஃபினாயில் தெளிப்பது எதுவும் வேண்டாம். மிரண்ட பாம்பு வெளியே போகாது, இருக்கிற இடத்திலேயே இன்னும் ஆழமான இடுக்கைத் தேடும்.

நிரந்தரமாகத் தடுக்க வேண்டுமானால், கழிவுநீர் போகும் துளைக்கு நெருக்கமான துளையுள்ள எஃகு வலை மூடி போடுங்கள். கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஜன்னலைத் தொடும் கொடி, மரக்கிளையை வெட்டிவிடுங்கள். வாசல் விளக்கு விடிய விடிய எரிய வேண்டாம்.

நடவு வயலில் தண்ணீர்ப்பாம்பு மாதிரி ஒன்று, தலையைத் தூக்கிக் கழுத்தை அகட்டி நின்றது. நல்லபாம்பு என்று பெண்கள் கரையேறிவிட்டார்கள். ஆட்கள் அதை மண்வெட்டியால் வெட்டிவிட்டார்கள். தண்ணீர்ப்பாம்பு படம் எடுக்குமா?
— விவசாயி, திருத்துறைப்பூண்டி

படம் எடுக்காது, படம் எடுப்பதுபோல மிரட்டும். தண்ணீர்ப்பாம்பை, அதாவது நீர்க்கோலியை, எல்லாப் பக்கமும் மறித்து ஓட வழியில்லாமல் செய்தால் முன்னுடம்பைத் தூக்கும், கழுத்தைத் தட்டையாக்கும், சீறவும் செய்யும். நல்லபாம்பைப் போலத் தெரிந்தால் எதிரி விலகிப் போவான் என்பது அதற்கு இயற்கை கொடுத்த பாதுகாப்பு. மனிதன் கையில் மண்வெட்டி இருக்கும்போது அதே பாதுகாப்பு அதன் உயிரைக் குடித்துவிடுகிறது.

வேறுபாடு தூரத்திலிருந்தே தெரியும். நல்லபாம்பின் படம் கழுத்து விலா எலும்புகள் விரிவதால் வருவது. உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக விரியும், முன்பக்கம் கழுத்துக்குக் கீழே கறும்பட்டை தெரியும், பின்பக்கம் பெரும்பாலும் மூக்குக்கண்ணாடி போன்ற குறி இருக்கும். நீர்க்கோலியின் கழுத்து கொஞ்சம் சப்பையாகும், அவ்வளவுதான், வட்டம் வராது. அதன் உடம்பில் சதுரங்கக் கட்டம்போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். முகத்தில் கண்ணுக்குக் கீழே ஒன்றும் கண்ணுக்குப் பின்னால் ஒன்றுமாக இரண்டு சாய்ந்த கறுப்புக் கோடுகள், மை தீட்டியதுபோலத் தெளிவாகத் தெரியும். இந்த இரட்டைக் கோடு நல்லபாம்புக்குக் கிடையாது.

நீர்க்கோலிக்கு முன்கோபம் அதிகம். பிடித்தால் உடனே கடிக்கும், விடாமல் மெல்லும், சின்னச் சின்னப் பற்கள் பல இடத்தில் கீறி இரத்தம் கொட்டும். பார்க்கப் பயமாக இருந்தாலும் விஷம் இல்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் கடித்தது நீர்க்கோலிதான் என்று கண்ணால் பார்த்து உறுதியாகத் தெரிந்தவர்களுக்குத்தான் இது. சேற்றுக்குள் கை வைத்தபோது ஏதோ கடித்தது என்றால் நேரே ஆஸ்பத்திரிதான்.

நாற்றுப் பறிக்கும்போதும் களை எடுக்கும்போதும் வரப்போரம் கையை வைப்பதற்கு முன் ஒரு கம்பால் புல்லைத் தட்டிவிட்டு இறங்கினால் போதும், எந்தப் பாம்பும் விலகிப் போய்விடும். வரப்பு வளைக்குள் மட்டும் கையை விடாதீர்கள். நண்டு வளை, எலி வளை எல்லாமே நல்லபாம்புக்கு விருப்பமான இடம்.

சாரையும் நல்லபாம்பும் பின்னிப் பிணைந்து ஆடுவதைப் பார்த்தோம். சாரை ஆண், நாகம் பெண் என்கிறார்களே? சாரையை விட்டுவைத்தால் நாகம் தேடி வரும் என்று இங்கே சாரையையும் அடிக்கிறார்கள்.
— ஒரு வாசகர், பென்னாகரம்

நீங்கள் பார்த்த இரண்டுமே சாரை. இரண்டும் ஆண். அது இணைசேர்தல் இல்லை, மல்யுத்தம். முன்னுடம்பைத் தூக்கி ஒன்றையொன்று முறுக்கி, எதிராளியின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும். தோற்றது ஓடிவிடும். ஒன்று வெளிர் மஞ்சளாகவும் மற்றது கரும்பழுப்பாகவும் இருந்தால் இரண்டு வேறு இனம் என்று தோன்றும், ஆனால் சாரையின் நிறம் ஊருக்கு ஊர் மாறும். நாகமும் சாரையும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டும் சேராது. சாரையில் ஆண் பெண் இரண்டும் உண்டு, நாகத்திலும் உண்டு.

சாரையையும் நல்லபாம்பையும் பிரித்துப் பார்ப்பது கடினம் இல்லை. சாரைக்குக் கண் பெரியது, கழுத்து ஒல்லி, தலை நீண்டிருக்கும். உதட்டுச் செதில்களுக்கு இடையே செங்குத்தான கறுப்புக் கோடுகள் இருக்கும். உடம்பின் பின்பாதியில் கறுப்புப் பட்டைகள் வலைபோல ஓடும். 6, 7 அடி நீளமுள்ள பாம்பு பகலில் வேகமாகக் குறுக்கே ஓடினால் அது பெரும்பாலும் சாரைதான். மறித்தால் சாரையும் கழுத்தைப் பெரிதாக்கும். ஆனால் நல்லபாம்பு கழுத்தைப் பக்கவாட்டில் அகலமாக விரிக்கும், சாரை மேலும் கீழுமாக உப்பவைக்கும். நேருக்கு நேர் பார்த்தால் சாரையின் கழுத்து மெல்லியதாகவே தெரியும்.

சாரை இருந்தால் நாகம் வரும் என்பதில் ஒரு சிறு உண்மை ஒளிந்திருக்கிறது. இரண்டுக்கும் இரை எலி. எலி இருக்கிற இடத்துக்கு இரண்டும் வரும். சாரையை அடிப்பதால் எலி குறையாது, கூடும். நெல் மூட்டைக்கும் கோழித் தீவனத்துக்கும் எலி வருவதைத் தடுப்பதுதான் நாகம் வராமல் இருக்க வழி. சாரை வாலால் அடித்தால் அந்த இடம் அழுகும் என்பதும், மாட்டின் காலைக் கட்டிப் பால் குடிக்கும் என்பதும் நடக்காத காரியங்கள். பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்த ஊசிகள், அவை மடியில் பட்டால் எந்த மாடும் சும்மா நிற்காது.

எங்கள் பக்கம் கண்ணாடி விரியன் என்று மண்ணுளிப் பாம்பை அடிப்பது அதிகம். எப்படிப் பிரிப்பது? சுருட்டை விரியனிலும் இதே குழப்பம் உண்டு.
— பள்ளி ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்

கண்ணாடி விரியனின் முதுகில் நீள்வட்டக் குறிகள் மூன்று வரிசையாக, சங்கிலிக் கண்ணிபோல ஒழுங்காக ஓடும். ஒவ்வொரு குறிக்கும் கறுப்பு விளிம்பு, அதற்கு வெளியே மெல்லிய வெள்ளை விளிம்பு. தலை முக்கோணம், மூக்குத்துளை மிகப் பெரியது. அருகில் போனால் குக்கர் ஆவி விடுவதுபோல நீண்ட சத்தம் எழுப்பும், அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

மண்ணுளியின் குறிகள் ஒழுங்கற்றவை. ஒன்றோடொன்று ஒட்டி, கோணல்மாணலாக ஓடும். கழுத்து என்று தனியாக ஒன்று இருக்காது, தலை உடம்போடு சேர்ந்தே வரும். கண் மிகச் சிறியது. வால் சட்டென்று முடிந்துவிடும், குட்டையாக, வெட்டி எடுத்ததுபோல இருக்கும். மண்ணுளிக்கு விஷம் இல்லை. அதன் உறவான செம்மண்ணுளியைத்தான் இருதலைப் பாம்பு என்று சொல்லி லட்சக்கணக்கில் விலை பேசி ஏமாற்றுகிறார்கள். அதற்கு ஒரு தலைதான்.

மலைப்பாம்புக் குட்டியும் கண்ணாடி விரியன் என்று அடிபடுகிறது. அதன் தலையின் மேல் ஈட்டிமுனை போன்ற குறி இருக்கும், உடம்பில் பெரிய பெரிய ஒழுங்கற்ற திட்டுகள், செதில் வழவழப்பு. கண்ணாடி விரியனின் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேடு இருப்பதால் உடம்பு சொரசொரவென்று மங்கலாகத் தெரியும்.

சுருட்டை விரியனோடு குழம்புவது பூனைப்பாம்பு. சுருட்டை ஒரு அடி, ஒன்றரை அடிதான் இருக்கும், உடம்பு குட்டை. மடிப்பு மடிப்பாகச் சுருண்டு விலாச் செதில்களை ஒன்றோடொன்று உரசி இரம்பம் அறுப்பதுபோன்ற ஓசை எழுப்பும். விலாவில் வெள்ளை அலைக்கோடு, தலையில் அம்பு போன்ற குறி. பூனைப்பாம்பு ஒல்லி, வால் நீளம், கண் பெரிதாகப் பிதுங்கியிருக்கும். புதரிலும் மரத்திலும் இரவில் ஓணானையும் பல்லியையும் தேடும். அதன் வாயின் பின்பக்கப் பற்களில் மிக இலேசான விஷம் உண்டு, அது இரைக்குத்தான், மனிதருக்கு ஆபத்தில்லை. மாணவர்களுக்கு இந்த இரண்டின் படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுங்கள். சொல்லிப் புரியாதது பார்த்தால் புரியும்.

முக்கோணத் தலை இருந்தால் விஷம், கண்பாவை நீளவாக்கில் இருந்தால் விஷம், இரண்டு பல் பதிந்தால் விஷம் என்று படித்தேன். சரிதானா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

மூன்றுமே நம் ஊருக்குப் பொருந்தாது, பொருத்திப் பார்த்தால் உயிருக்கே ஆபத்து. நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணம் இல்லை, கண்பாவை வட்டம். மண்ணுளிக்கும் மலைப்பாம்புக்கும் பூனைப்பாம்புக்கும் கண்பாவை நீளவாக்கில்தான் இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு முன்பற்கள் நீளமானவை, கடித்தால் இரண்டு புள்ளி பதியலாம். கட்டுவிரியன் கடித்தால் சில சமயம் தடமே தெரியாது. ஒரே விதியை வைத்துக்கொண்டு எல்லாப் பாம்பையும் பிரிக்க முடியாது. இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உண்டு, அவற்றில் விஷமுள்ளவை சுமார் 60. அவற்றிலும் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கால்தான் பெரும்பாலான சாவுகள் நடக்கின்றன. இந்த நான்கையும் முகம் பழகியதுபோலத் தெரிந்துகொள்வதே சரியான வழி.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்குமாமே? பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்துமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

கொம்பேறி மூக்கனுக்கு விஷமே இல்லை. மரத்தில் வாழ்வதால் மரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். பச்சைப்பாம்பின் முகம் கூர்மையாக இருப்பதால் வந்த பயம் அது. அதன் விஷம் ஓணானுக்கும் தவளைக்கும் போதுமானது, மனிதருக்கு இலேசான வீக்கம் வரலாம். ஆனால் வால்பாறை, நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பச்சை நிறத்தில் விஷமுள்ள குழிவிரியன்களும் உண்டு. பச்சைப்பாம்பு கொடிபோல ஒல்லியாக, கூர்மூக்கோடு, கண்பாவை படுக்கைவாக்கில் இருக்கும். குழிவிரியன் தடித்து, அகன்ற முக்கோணத் தலையோடு கிளையில் அசையாமல் கிடக்கும்.

மயிலுக்காகக் காய்கறித் தோட்டத்தைச் சுற்றி நைலான் வலை கட்டியிருக்கிறோம். அதில் அடிக்கடி பாம்பு சிக்கிச் சாகிறது. சிக்கியதை அடித்துப் போடுவதைத் தவிர வழி தெரியவில்லை.
— விவசாயி, ஒட்டன்சத்திரம்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. வலையில் சிக்குவதில் பெரும்பாலானவை எலியைத் துரத்தி வரும் சாரைகள். கண்ணி வழியாகத் தலையும் கழுத்தும் எளிதாக நுழைந்துவிடும், நடு உடம்பு நுழையாது. பாம்பின் செதில்கள் வாலை நோக்கிப் படிந்திருப்பவை. அது பின்வாங்கினால் நூல் செதிலுக்கு அடியில் புகுந்து இறுக்கும். அதனால் முன்னேறப் பார்க்கும், அடுத்த கண்ணியில் மாட்டும். வெயில் ஏறினால் சூடே அதைக் கொன்றுவிடும்.

சிக்கிய பாம்பைக் கண்டால் நீளக் கம்பால் ஓர் ஈரச் சாக்கை அதன்மேல் போடுங்கள், சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருங்கள். நிழலும் ஈரமும் கிடைத்தால் ஆள் வரும்வரை அது தாங்கும், அமைதியாகவும் இருக்கும். சாரைதானா என்று முழுதாகத் தெரியாத நிலையில் நீங்களே வெட்டி விடுவிக்க வேண்டாம். பயிற்சி பெற்றவர்கள் முதலில் பாம்பைச் சுற்றி ஒரு சாண் விட்டு வலையை வெட்டித் தனியாக எடுப்பார்கள். பிறகு தலையை ஒரு குழாய்க்குள்ளோ தடித்த துணிக்குள்ளோ அடக்கிவிட்டு, முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டுவார்கள். இழுத்தால் செதிலோடு தோலும் உரிந்துவிடும், பலர் செய்யும் தவறு அதுதான். இழை ஆழமாக வெட்டியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகே விடவேண்டும்.

மயிலுக்காகத்தான் வலை என்றால் அது தரையைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. அடியில் அரை அடி விட்டுக் கட்டுங்கள், பாம்பும் தவளையும் கீழே போய்விடும். தரைவரை வேண்டுமென்றால் கீழ் இரண்டடிக்கு மட்டும் நெருக்கமான நிழல்வலைத் துணியைக் கட்டுங்கள், அதில் தலை நுழையாது. ஒன்று, இரண்டு அங்குலக் கண்ணியுள்ள மெல்லிய நைலான் வலைதான் மிக மோசம். அறுவடை முடிந்ததும் வலையைச் சுருட்டி உள்ளே வையுங்கள், வேலியோரம் குவித்துப் போட்ட பழைய வலையிலும் பாம்புகள் சிக்கிச் சாகும்.

கடித்த பாம்பை அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தானே டாக்டர் சரியான மருந்து போட முடியும்?
— ஒரு வாசகர், விழுப்புரம்

தேவையே இல்லை. நம் ஊரில் இருக்கும் விஷமுறிவு மருந்து, மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் பொதுவான ஒரே மருந்து. எது கடித்திருந்தாலும் அதே குப்பிதான். மருந்து போடுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் உடலில் தெரியும் அறிகுறிகளை வைத்துத் தீர்மானிப்பார். இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா, மூச்சு எப்படி, வீக்கம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஊசியில் எடுத்த இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். விஷமில்லாத பாம்பு கடித்தவருக்கு அந்த மருந்தை ஏற்றினால் பலன் இல்லை, ஒவ்வாமை ஆபத்து மட்டும்தான் மிச்சம். அறிகுறி பார்த்துப் போடுவது அதனால்தான்.

பாம்பைத் துரத்தி அடிப்பதில் போகும் நேரம் கடிபட்டவரின் நேரம். அடிக்கப் போனவருக்கும் கடி விழுவது உண்டு. வெட்டிய தலைகூட சிறிது நேரத்துக்குக் கடிக்கும், நரம்பு அனிச்சை அது. ஆறேழு அடி தள்ளி நின்று செல்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

செய்யவேண்டியவை: கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள், வீங்கினால் அவையே இறுக்கும். கடிபட்ட கையையோ காலையோ ஒரு பலகைத் துண்டோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிப்பது, பச்சிலை அரைப்பது எதுவும் கூடாது. தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, கண்ணிமை சோர்வு என்று எழுந்தால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் கட்டுவிரியனைச் சந்தேகியுங்கள். கொசுவலையைப் பாயின் அடியில் செருகிப் படுப்பது கட்டுவிரியனுக்கு எதிரான மிக எளிய தடுப்பு.

பயப்படுவதைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு சொல்கிறது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. இந்தச் சாவுகளைக் குறைப்பது வெளிச்சமும் செருப்பும் கொசுவலையும் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போவதும்தான். வெள்ளிக்கோல் வரையனையும் சாரையையும் அடிப்பதால் ஒரு சாவுகூடக் குறைவதில்லை.

பூண்டு, ஃபினாயில், சிறியாநங்கைச் செடி வைத்தால் பாம்பு வராதா?
— ஒரு வாசகி, தாம்பரம்

வரும். நம்பி நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து. அந்தக் காசில் ஒரு நல்ல டார்ச் வாங்குங்கள். செங்கல், விறகு, தேங்காய் மட்டைக் குவியல்களைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

விஷமில்லாத பாம்பை அடித்தால் வழக்கு வருமா?
— ஒரு வாசகர், செங்கல்பட்டு

வரலாம், விஷமுள்ள பாம்பை அடித்தாலும்தான். பாம்புகளுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், நல்லபாம்பு, கண்ணாடி விரியன் ஆகியவற்றோடு சாரையும் நீர்க்கோலியும் மலைப்பாம்பும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. முதல் அட்டவணை உயிரினத்தைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது என்றும் சட்டம் சொல்கிறது. தற்காப்பு வேறு, ஓடிப்போகும் பாம்பைத் துரத்திப்போய் அடிப்பது வேறு.

உங்கள் மாவட்டத்திலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்புகளை உயிரோடு காட்டில் விடுவது அவர்கள் வழக்கம். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிள்ளைகளை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள். நான்கு விஷப் பாம்புகளையும் பாதுகாப்பான தூரத்தில் நின்று, விளக்கத்தோடு பார்க்கலாம்.